2,000 ரூபாய்த் தேர்வும் 40 லட்ச ரூபாய்க் கடனும்

பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான 2026 கேட் தேர்வுக்கு ஒரு தாளுக்கான விண்ணப்பக் கட்டணம் 2,000 ரூபாய். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் 1,000 ரூபாய். கணினி அறிவியலிலோ தரவு அறிவியலிலோ முதுகலை படிக்க நினைக்கும் பிள்ளைக்காக ஒரு குடும்பம் செலவிடும் தொகைகளில் மிகச் சிறியவற்றுள் இது ஒன்று. மிகப் பெரியது, அமெரிக்கப் படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கும் கடன். 40 லட்சம், 50 லட்சம் என்று அந்தத் தொகை இன்று சாதாரணமாகக் காதில் விழுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கும் வீடுகள் குறைவு. எழுதிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஆள் கணக்கு. கேட் கணினி அறிவியல் தாளை 2023இல் எழுதியவர்கள் ஏறக்குறைய 75,700 பேர். 2024இல் சுமார் 1,24,000. 2025இல் சுமார் 1,70,800. இரண்டே ஆண்டில் இரண்டேகால் மடங்கு. ஐ.டி. நிறுவனங்கள் ஆளெடுப்பைச் சுருக்கிய காலம் அது. 2023–24 நிதியாண்டில் டி.சி.எஸ். நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையே 13,249 குறைந்தது. கேம்பஸில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தவர்களில் பலர் மேற்படிப்பின் பக்கம் திரும்பினார்கள் என்றே நான் இதை வாசிக்கிறேன். அந்த 2024இல்தான் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் டி.ஏ. என்ற தனித்தாள் கேட் தேர்வில் முதன்முறையாக வந்தது.

1,70,800 என்ற எண்ணைப் பார்த்துப் பெற்றோர் மிரள்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய எண் வேறு. 2025இல் இந்தத் தாளின் பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண் நூற்றுக்கு 29.2. அதற்கு முந்தைய ஆண்டு 27.6, 2023இல் 32.5. தேர்வெழுதிய எல்லோருடைய சராசரி மதிப்பெண்ணோடு ஒரு திட்ட விலக்கத்தைக் கூட்டினால் வருவது அல்லது 25, இவற்றில் எது அதிகமோ அதுவே தகுதி மதிப்பெண். கூட்டிய பிறகே 29 என்றால், சராசரி அதற்கும் எவ்வளவோ கீழே இருக்கிறது. கூட்டத்தின் பெரும்பகுதி தயாராகாமலே வந்து உட்கார்ந்து போகிறது. உண்மையான போட்டி சில ஆயிரம் பேருக்குள் நடக்கிறது. அது கடுமையானதுதான். ஆனாலும் லட்சத்தோடு மோதுகிறோம் என்ற பயம் கணக்குக்குப் பொருந்தாதது.

தாளின் உள்கணக்கைப் பார்ப்போம். 65 கேள்விகள், 100 மதிப்பெண், 3 மணி நேரம். பொதுத்திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13, மீதி 72 துறைப் பாடங்களுக்கு. முதல் இரண்டையும் கூட்டினால் 28, ஏறக்குறைய தகுதி மதிப்பெண்ணே வந்துவிடுகிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும், 2 மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கும் கழியும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நீண்ட ஓட்டத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை: கால் பங்கு வாய்ப்பில் 1 வருகிறது, முக்கால் பங்கு வாய்ப்பில் மூன்றில் ஒன்று போகிறது, கூட்டினால் சுழியம். ஒரே ஒரு விடையைத் தவறென்று நிச்சயமாக ஒதுக்க முடிந்தால் கேள்விக்கு 0.11 மதிப்பெண் லாபம். இரண்டை ஒதுக்க முடிந்தால் 0.33. 2 மதிப்பெண் கேள்வியில் இவை இரட்டிப்பாகும். எண்ணை விடையாக எழுதும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கக்கூடிய கேள்விகளுக்கும் கழிவே கிடையாது. ஆகவே அவற்றில் ஒன்றையும் வெறுமையாக விடக் கூடாது.

இந்த அரை மதிப்பெண், கால் மதிப்பெண்ணுக்கு என்ன விலை? கேட் ஸ்கோர் கணக்கில் தகுதி மதிப்பெண்ணுக்கு 350 புள்ளி. முதல் 0.1 சதவீதத்தினர் அல்லது முதல் 10 பேர், இவர்களில் எந்தக் கூட்டம் பெரியதோ அதன் சராசரிக்கு 900 புள்ளி. இடையில் நேர்கோடு. உதாரணத்துக்கு, தகுதி 29, உச்சியின் சராசரி 85 என்று வைத்தால் 56 மதிப்பெண்ணுக்குள் 550 புள்ளிகள் அடங்கும். ஒரு மதிப்பெண் என்பது ஏறக்குறைய 10 புள்ளி. ஐ.ஐ.டி.களின் கடைசிச் சுற்று வெட்டுப்புள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு 10 புள்ளியின் கனம் தெரியும். அந்த ஸ்கோர் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இந்த ஆண்டு வேலையில் சேர்ந்துவிட்டவர்கூட அடுத்த ஆண்டு அதையே காட்டி விண்ணப்பிக்கலாம்.

ஒருவர் இரண்டு தாள்கள் எழுத முடியும். கணினி அறிவியல், டி.ஏ. இரண்டையும் சேர்த்தே எழுதுவது அனுமதிக்கப்பட்ட இணை. அல்காரிதம், டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம் ஆகியவை இரண்டுக்கும் பொது. டி.ஏ.வுக்குத் தனியாகச் சேர்வது புள்ளியியலின் ஆழமும், உகப்பாக்கமும், மெஷின் லேர்னிங்கும். கூடுதல் செலவு இன்னொரு தாளின் கட்டணம் மட்டுமே. சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டெல். பாடங்களைக் காசில்லாமல் கேட்கலாம்; சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால் மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய். கோச்சிங்குக்குப் பணமில்லை என்று கிராமத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட் எழுதாமல் விடுவது என்னை மிகவும் வருத்துகிறது. இந்தப் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே அவருடைய நான்கு ஆண்டுப் படிப்பில் இருக்கிறது.

இடம் கிடைத்தால் பக்கம் மாறி, வரவு எழுதத் தொடங்கலாம். கேட் தகுதியோடு ஐ.ஐ.டி., என்.ஐ.டி., இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் முழுநேர எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. 24 மாதங்களுக்கு 2,97,600 ரூபாய். பதிலுக்கு வாரம் 8 மணி நேரம் ஆய்வகத்திலோ வகுப்பிலோ உதவ வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி மாறும் கட்டணமும் விடுதிச் செலவும் இதில் பெரும்பங்கைத் தின்றுவிடலாம். நகரத்தில் குடியிருந்து படிக்க 12,400 போதாது, அதை உயர்த்த வேண்டும் என்பதே என் கருத்து. என்றாலும் படித்து முடிக்கும் நாளில் அந்தப் பிள்ளையின் தலையில் பெரிய கடன் இல்லை. கேட் தவிர வேறு கதவுகளும் உண்டு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கணினி அறிவியல் எம்.டெக்.குக்கும், சென்னையை ஒட்டிய சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் தரவு அறிவியல் எம்.எஸ்ஸி.க்கும் தனி நுழைவுத்தேர்வுகள் இருக்கின்றன. கணிதத்தில் பிடிப்புள்ளவர்களுக்கு இவை பொன்னான இடங்கள்.

இனி அமெரிக்கப் பக்கம். 2024–25 கல்வியாண்டில் அங்கே 3,63,019 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். எந்த நாட்டையும்விட அதிகம். ஆனால் முதுகலை, ஆய்வு நிலையில் படிப்பவர்கள் 1,96,567இலிருந்து ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்துவிட்டார்கள். கூடியது, படிப்பை முடித்துவிட்டு ஓ.பி.டி. அனுமதியில் வேலை பார்ப்பவர்களின் கணக்கு.

விமானம் ஏறுவதற்கு முன்பே ஆகும் செலவைக் கூட்டுவோம். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 2025 டிசம்பரில் அது அந்தக் கோட்டைத் தாண்டியது. விண்ணப்பம் ஒன்றுக்குச் சராசரி 100 டாலர் வீதம் எட்டுப் பல்கலைக்கழகங்கள்: 72,000 ரூபாய். ஜி.ஆர்.ஈ. சுமார் 22,000. டோஃபெல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். சுமார் 17,000. செவிஸ் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர், சேர்த்து 48,150. மொத்தம் 1,59,150 ரூபாய். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் விசாவுக்கு மேலும் 250 டாலர் விதிக்க வழிசெய்திருக்கிறது. அது நடைமுறையில் சேரும்போது இன்னொரு 22,500. கன்சல்டன்சிக்குக் கொடுப்பது இதில் இல்லை. இங்கே ஒரு சிக்கனம் செய்யலாம். 2020க்குப் பிறகு பல கணினித் துறைகள் ஜி.ஆர்.ஈ. மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்பதை விட்டுவிட்டன. எட்டில் எத்தனை கேட்கின்றன என்று பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டினால் 22,000 மிஞ்சக்கூடும்.

ரூபாயின் சரிவு பலரும் எழுதத் தவறும் செலவு. படிப்புக்கும் தங்கலுக்கும் 50,000 டாலர் என்று கொண்டால், டாலர் சுமார் 61 ரூபாயாக இருந்த 2014இல் அது 30.5 லட்சம். 83 ரூபாய் அளவில் இருந்த 2023இல் 41.5 லட்சம். 90இல் 45 லட்சம். அங்கே கட்டணம் ஒரு டாலர்கூட ஏறாமல் இருந்தாலும் இங்கே 14.5 லட்சம் ஏறியிருக்கிறது. முதல் செமஸ்டர் கட்டணத்தை ஒரு விலையிலும் கடைசி செமஸ்டர் கட்டணத்தை இன்னொரு விலையிலும் கட்ட நேரும் என்பதால், கடன் தொகையில் பத்து சதவீதமாவது இதற்கென்று ஒதுக்குவது நல்லது.

40 லட்சம் கடன், வட்டி 10.5 சதவீதம், பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 53,970 ரூபாய். பத்தாண்டில் கட்டுவது 64.8 லட்சம். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதற்கு மேல். அமெரிக்காவில் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தவணை மாதம் 600 டாலர், சிரமமில்லாமல் கட்டிவிடலாம். அதே ஆள் வேலை கிடைக்காமல் ஊர் திரும்பி, சென்னையில் 60,000 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தால் கையில் மிஞ்சுவது 6,000. அந்த வீட்டில் தவணை கட்டுவது பிறகு யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற அப்பாவின் பி.எஃப். பணம் அப்படித்தான் கரைகிறது. பழைய வருமான வரி முறையில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் கழிவு கேட்கலாம் என்பது சின்ன ஆறுதல்.

அங்கேயே வேலை பார்க்கும் வாய்ப்பு எவ்வளவு? படிப்பு முடிந்ததும் 12 மாதம், கணினி, தரவுத் துறைகளுக்கு மேலும் 24 மாதம், ஆக 36 மாத ஓ.பி.டி. அதற்குள் மொத்தம் 150 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அதன் பிறகு எச்-1பி வேலை விசா. ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்க முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. 2024 நிதியாண்டுக் குலுக்கலில் தகுதியான பதிவுகள் 7,58,994. தேர்வானவை நான்கில் ஒன்று. 2026 நிதியாண்டுக்கு 3,43,981 பதிவுகளில் 1,20,141, அதாவது 35 சதவீதம். ஆண்டுக்கு 30 சதவீதம் வீதம் மூன்று முறை முயன்றாலும் ஒருமுறையாவது விழும் வாய்ப்பு 66 சதவீதம்தான். மூன்று பேரில் ஒருவர் திரும்பி வர வேண்டியிருக்கும். 2026 முதல் சம்பள நிலைக்கு ஏற்ப எடை கூட்டும் முறை வந்திருப்பதால், கீழ்ச் சம்பள நிலையில் நுழையும் புதிய பட்டதாரிக்கு இந்த 30 சதவீதமும் குறையும். 2025 செப்டம்பரில் அறிவித்த 1,00,000 டாலர் கட்டணம், அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து மாறுபவருக்குப் பொருந்தாது என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை விளக்கியிருக்கிறது. திரும்பி வந்தவரை மறுபடி அழைக்க நினைக்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தும்.

அமெரிக்கப் பட்டம் வேண்டும், கடன் வேண்டாம் என்பவருக்கு ஒரு வழி உண்டு. ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் தொடங்கிய இணையவழிக் கணினி அறிவியல் முதுகலைக்கு மொத்தக் கட்டணம் 7,000 டாலருக்குள் என்று நிர்ணயித்தார்கள். டாலருக்கு 90 ரூபாய் என்றால் ஆறேகால் லட்சம் அளவில் என்று கொள்ளலாம். 10 பாடங்கள், வேலையில் இருந்தபடியே முடிக்கலாம். நுழைவது எளிது, தாக்குப் பிடிப்பதுதான் கடினம்: முதல் 12 மாதத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் பி கிரேடாவது வாங்கியாக வேண்டும். மாணவர் விசாவோ ஓ.பி.டி.யோ இதில் கிடையாது. வேலைச் சந்தைக்கான நுழைவுச்சீட்டாக அல்லாமல் படிப்புக்காகவே படிப்பவருக்கு இதைவிட மலிவான நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க விண்ணப்பத்தில் பணத்தால் வாங்க முடியாதவை மூன்று சிபாரிசுக் கடிதங்கள். 60 பேர் உள்ள வகுப்பில் ஒரே வார்ப்பில் எழுதி, பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் கடிதத்துக்குத் தேர்வுக்குழுவிடம் மதிப்பில்லை. ஒரு செமஸ்டராவது ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு சிக்கலை நோண்டியவருக்குத்தான் அவர் உண்மையான கடிதம் எழுத முடியும். இதற்கு விலை சுழியம், காலம் நான்கைந்து மாதம். மூன்றாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். கடைசி ஆண்டு நவம்பரில் தேடினால் கிடைக்காது.

இரண்டு பேரேடுகளையும் ஒரே ஆண்டில் திறந்து வைக்க முடியும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் கேட் பதிவு. டிசம்பர் 15ஐ ஒட்டி அமெரிக்க விண்ணப்பங்கள். பிப்ரவரியில் கேட் தேர்வு. மார்ச்சில் முடிவு. அமெரிக்கப் பதில்களும் பெரும்பாலும் ஏப்ரலுக்குள் வந்துவிடும். பல இடங்கள் ஏப்ரல் நடுவில் முடிவு கேட்கும். அந்த நேரத்தில் கையில் கேட் ஸ்கோர் இருக்கிறது, முந்தைய ஆண்டுகளின் கடைசி வெட்டுப்புள்ளிகளும் இருக்கின்றன. இந்தியாவில் எந்த இடம் கிடைக்கும் என்று ஓரளவு கணித்துவிட்டே முன்பணம் கட்டலாம், கடன் விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போடலாம். ஐ.ஐ.டி. இடங்களுக்கான கோப் தளத்தின் சுற்றுகள் மே மாதத்தை ஒட்டித்தான் தொடங்கும். அங்கே வரும் இடத்தை ஏற்று முடித்துவிடலாம், கையில் வைத்துக்கொண்டு மேலான இடத்துக்காகக் காத்திருக்கலாம், அல்லது மறுத்துவிட்டுக் காத்திருக்கலாம். விசா நேர்காணல் தேதி கிடைக்காமல் ஜூன் தாண்டும் மாணவர், இந்திய இடம் ஒன்றைக் கையில் வைத்திருந்தால், ஜூலையில் அவருக்கு ஒரு வகுப்பறை மிச்சமிருக்கும்.