வேண்டாச் செய்தியும் பாலாற்றுப் பாடமும்

நம் நாட்டில் தபால் அட்டை முதன்முதலாக வழங்கப்பெற்ற ஆண்டு 1879. அதன் விலை காலணா. காலணா சிறு காசேயாயினும், ஒருவன் ஆயிரம் பேருக்கு ஒரே செய்தியை எழுத விரும்பினால் 15 ரூபாய் 10 அணா கொடுத்தாதல் வேண்டும். ஆயிரம் முகவரிகளையும் தன் கையால் எழுதுதல் வேண்டும். ஆதலின் எழுதுவோன் எண்ணி எழுதினான். பெறுவோனும் தபாற்காரர் வரவை ஆவலோடு எதிர்நோக்கினான்.

இக்காலத்தின் நிலைமையோ வேறு. கைப்பேசி ஒலிக்கின்றது, எடுத்துப் பார்த்தால் கேளாத கடன், ஆடாத பந்தயத்தில் பரிசு, விண்ணப்பியாத வேலை. இவ்வாறு பெறுவோர் வேண்டாதிருக்கவும் கூட்டங் கூட்டமாய் அனுப்பப்படும் செய்திகளுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பாம்' என்று பெயர். அப்பெயரின் வரலாறு நகைப்பிற்குரியது. 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டப்பியில் அடைத்து விற்கப்பெற்ற ஓர் இறைச்சிக்கு அப்பெயர் இடப்பட்டது. 1970-இல் ஆங்கில நாட்டுத் தொலைக்காட்சியில் நடித்த நகைச்சுவைக் காட்சியொன்றில், உணவுவிடுதியின் பண்டங்களிலெல்லாம் அவ்விறைச்சியே கலந்து நிற்க, அதன் பெயரைப் பாடும் கூச்சலில் மற்றவர் பேச்சு அமுங்கிப் போயிற்று. நல்ல பேச்சை அமுக்கும் வெற்றுக் கூச்சலுக்கு அப்பெயர் பொருந்தியதில் வியப்பில்லை.

இத்தகைய செய்திகளுள் முதலாவதெனப் பலரும் குறிப்பது 1978-ஆம் ஆண்டு மே மாதத்தில் அனுப்பப்பட்டது. அமெரிக்கக் கணிப்பொறிக் கம்பெனியொன்றின் விற்பனையாளரான கேரி துயர்க் என்பார், தம் பொறிகளை விளம்பரஞ் செய்து, ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். அநேகர் சினந்து முறையிட்டனர். ஆயினும் ஒரு மடலுக்கும் நானூறு மடலுக்கும் அனுப்புவோனுக்கு ஆகும் செலவில் வேற்றுமை இல்லை என்னும் இரகசியம் அன்றே வெளிப்பட்டுவிட்டது.

இதனால் விளையும் தீங்கு யாது? 'வேண்டாததை அழித்துவிட்டால் தீர்ந்தது' என்பார் உளர். ஆம்பூரில் பாதரட்சைத் தொழிற்சாலையில் உழைக்கும் ஓர் அன்னையை மனத்திற் கொள்வோம். வேலை முடிந்து இரவில் கைப்பேசியைத் திறக்கிறாள். நாற்பது செய்திகளுக்கிடையில் மகனுடைய கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாளை அறிவிக்கும் செய்தியொன்று கிடக்கின்றது. அதன் அருகே, 'வீட்டிலிருந்தே நாளொன்றுக்கு ஆயிரம் சம்பாதிக்கலாம். முன்பணம் மட்டும் கட்டுக' என்னும் வலையும் கிடக்கின்றது. முன்னதைத் தவறவிட்டாலும் நஷ்டம். பின்னதை நம்பினாலும் நஷ்டம். இவ்விரண்டிற்கும் தப்பியவர்கள்கூட நாளடைவில் எச்செய்தியையும் நம்பாதவராகி விடுகின்றனர். நம்பிக்கை கெட்டபின் செய்திப் போக்குவரத்தால் பயன் இல்லை.

இத்தீமையின் வேர், இலாபம் ஒருவனுக்கும் செலவு மற்றவர்க்குமாய்ப் பிரிந்து நிற்பதேயாம். இதனை விளங்கிக்கொள்ள நாம் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. பாலாற்றங்கரைக்குச் சென்றாற் போதும். தோல் பதனிடும் தொழில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றது. ஆனால் சுத்திகரியாது விடப்பட்ட கழிவுநீரின் விலையை விட்டவர் கொடுக்கவில்லை. கிணறு உப்பேறிய உழவரே கொடுத்தனர். ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முற்றிலுமோ ஓரளவோ பயிருக்கு உதவாது போயிற்றென்று உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே கண்டிருக்கிறது.

அத்தீர்ப்பு, வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் 1991-இல் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அளிக்கப்பட்டது. மாசு செய்தவனே அதன் செலவைத் தாங்கவேண்டும் என்பதும், கேடு வருமுன்னரே காக்கவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று நீதிமன்றம் உரைத்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஒவ்வொரு வீட்டிலும் குடிநீரை வடிகட்டுதல் தற்காப்பேயன்றிப் பரிகாரமன்று. கழிவுநீர் வெளிப்படும் வாயிலிலேயே அதனைச் சுத்திகரித்தலே பரிகாரம். நாம் பெறும் பாடம் இதுவே.

வேண்டாச் செய்தியின் விஷயத்திலும் நம் நாடு இப்பாதையிலேயே மெல்ல நடந்திருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007-இல் இயற்றிய விதிகளின்படி, விளம்பரம் வேண்டாதவர் தம் எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். அதாவது, காக்கும் பொறுப்புப் பெறுவோன் தலைமேலேயே நின்றது. 2018-ஆம் ஆண்டின் விதிகளோ பொறுப்பை அனுப்புவோன்பால் மாற்றின. வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தன் பெயரையும், செய்தியின் வாசக அமைப்பையும் முன்னரே பதிவு செய்தல் வேண்டும். பதிவோடு பொருந்தாத செய்தி வழியிலேயே தடுக்கப்படும். 2025-இல் செய்த திருத்தப்படி, அனுப்புவோர் பெயரின் ஈற்றில் 'பி' என்னும் ஆங்கில எழுத்து நின்றால் விளம்பரம், 'எஸ்' நின்றால் சேவை, 'டி' நின்றால் கொடுக்கல் வாங்கல், 'ஜி' நின்றால் அரசாங்கம் என்று அறியலாம். பதிவு செய்யாத ஓர் எண்ணின்மீது பத்து நாட்களில் ஐந்து முறையீடுகள் வந்தால் விசாரணை உண்டு. குற்றம் மெய்ப்படின் முதன்முறை 15 நாட்கள் அவ்வெண்ணிலிருந்து பேசவும் அனுப்பவும் இயலாது. மீண்டும் செய்தால் ஓராண்டிற்கு இணைப்பே துண்டிக்கப்படும்.

எனினும் விதியால் மட்டும் வெள்ளம் வற்றிவிடாது. வாட்ஸ்அப் போன்ற வழிகளில் வரும் செய்திகள் மேற்சொன்ன பதிவேட்டிற்குள் அடங்கா. தடையை மிகக் கடுமையாக்கினாலோ, வங்கியினின்று வரவேண்டிய நற்செய்தியும் தடைபடும். களையைப் பறிப்பவன் நெல்லையும் பறித்தல் ஆகாதன்றோ? பாலாற்றிலுங்கூடத் தீர்ப்போடு துன்பம் தீரவில்லை. 2025-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் அவ்விஷயத்தில் ஆணையிட நேர்ந்தது. இடைவிடாத கண்காணிப்பு இல்லாவிடில் எச்சட்டமும் ஏட்டளவில் நின்றுவிடும்.

அக்கண்காணிப்பில் மாணவர்க்கும் பங்குண்டு. வேண்டாச் செய்தி வந்தால் வாளா அழித்துவிடாமல், அனுப்பிய எண்ணையும் நாளையும் குறித்து, ஏழு நாட்களுக்குள் 1909 என்னும் எண்ணுக்கு முறையிடுக. ஒருவர் முறையிட்டால் அது ஒரு துளி. ஐவர் முறையிட்டால் எண் அடைபடும். வஞ்சனையென்று ஐயம் எழுந்தால் மத்திய அரசாங்கத்தின் 'சஞ்சார் சாதி' தளத்தில் தெரிவிக்கலாம். நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதையும் அங்கேயே காணலாம். பணம் பறிபோயிருந்தால் நாணிக் காலந்தாழ்த்தாது உடனே 1930-ஐ அழைத்தல் வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிப் போய்விடும்.

இன்னும் ஒன்று சொல்லாதிருத்தற்கில்லை. வஞ்சகர் தம் சொந்தப் பெயரில் எண் வாங்குவதில்லை. சிறு தொகை கொடுத்துப் பிறர் பெயரில் சிம் அட்டையும் வங்கிக் கணக்கும் இரவல் பெறுகின்றனர். 'உன் பெயரைத் தந்தாற் போதும், வேலை ஒன்றுமில்லை' என்னும் சொல், கைச்செலவுக்கு வருந்தும் இளைஞர் காதில் இனிமையாகவே விழும். அங்ஙனம் தந்தவன், அயலானுடைய கழிவுநீர் ஊர்க்கிணற்றுக்குப் பாயத் தன் கொல்லையிலேயே கால்வாய் வெட்டிக் கொடுத்தவனாவான். போலீசார் தேடி வரும்போது ஏட்டிலிருப்பது அவன் பெயரேயன்றி வஞ்சகன் பெயரன்று.

காலணா கொடுத்த காலத்தில் விலையே எழுதுவோனுக்கு வேலியாயிற்று. விலை ஒழிந்த இக்காலத்தில் அவ்வேலியை நம் விழிப்பினாலேயே கட்டுதல் வேண்டும். நண்பர்காள்! கல்லாத பெற்றோருடைய கைப்பேசியை இன்றிரவே ஒருமுறை வாங்கிப் பார்த்து, எது மெய், எது பொய் என்று அருகிருந்து எடுத்துரைப்பீர்களாக. கல்லூரியிற் பெற்ற கல்வி வீட்டிற்குப் பயன்பட அதனினும் எளிய வழி வேறில்லை.