கறியுப்பும் மின்கலமும்

புளியங்கூடலுக்கு அயலேயுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்றாலும் வெயிலாலும் மின்னாக்கும் திட்டத்துக்கு 2024 இல் ஒப்பந்தமாயிற்று. பகலில் ஆக்கிய மின்னை இரவுக்குச் சேமிப்பது மின்கலமே. அதற்கு உகந்த மலிவான உலோகம் கறியுப்பில் அடங்கிய சோடியம். 1807 இல் ஹம்பிரி டேவி அதனை முதன்முதல் பிரித்தெடுத்தார்.

ஆயினும், மின்னேற்றுந்தோறும் சோடியம் சமமாகப் படியாது, மரக்கிளைபோல் முளைக்கிறது. அக்கிளை மறுமுனையைத் தொட்டால் கலம் கெடும். உள்ளிருக்கும் திரவத்தோடு தாக்கமுற்றும் உலோகம் தேய்கிறது.

பரிகாரம் இரண்டுண்டு: உலோகத்தின்மேல் புளோரைட்டுச் செறிந்த மெல்லிய காப்புப்படலம் உண்டாகச் செய்தல்; திரவத்துக்குப் பதிலாக, அயன்களைக் கடத்தும் திண்மப்பொருளை இடுதல். ஆயிரமாயிரம் முறை மின்னேற்றினும் தளராத கலம் வாய்த்தால், அதன் பயனைத் தீவகம் பெரிதும் நுகரும்.