இரைச்சலைக் கேட்கும் எந்திரம்

மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலைச் சுற்றிய வீதிகளில், மத்திய அலையில் திருநெல்வேலி வானொலியின் செய்தியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அடுக்களையில் மிக்ஸி ஓடத் தொடங்கிய மாத்திரத்தில் செய்தி மறைந்து கரகரப்பே மிஞ்சும் அனுபவம் புதிதாயிராது. மோட்டாரின் கார்பன் பிரஷ் உராயுமிடத்தில் தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும், எவருடைய அனுமதியுமின்றி, மின்காந்த அலைகளை வெளியிடுகிறது, எல்.இ.டி. விளக்கின் உட்சுற்றும், ராஜபாளையத்து நூற்பாலைகளில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவும் வேறு வழியில் இதே காரியத்தைச் செய்கின்றன.

இத்தொந்தரவுக்கு எல்லை வகுக்க 1934இல் பாரிஸில் முதன்முதலாகக் கூடிய 'சிஸ்பர்' என்னும் சர்வதேசக் குழுவின் வழிவந்த அளவுமுறையில், கருவி மின்னழுத்தத்தைக் காட்டினால் மட்டும் போதாது, வானொலி கேட்பவரின் எரிச்சலையும் காட்டவேண்டும் என்று கருதப்பட்டது. ஆகவே, எப்போதோ ஒருமுறை வரும் சொடுக்கைக் குறைவாகவும், ஓயாது வரும் கரகரப்பைக் கூடுதலாகவும் மதிப்பிடும் 'குவாசி பீக்' என்ற விசித்திரமான கணக்கு பிறந்தது. மனிதப் பொறுமையின் அளவை எந்திரத்துக்குள் பதித்துவைத்த இந்த யோசனையை நான் பெரிதும் மெச்சுகிறேன்.

ஆனால் அந்தக் கணக்குக்கு நிதானம் அதிகம். 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பில், 120 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஜன்னலை அறுபது அறுபது கிலோஹெர்ட்ஸாக நகர்த்தி, ஒவ்வோரிடத்திலும் ஒரு விநாடி நின்று கேட்பதாயின், ஏறத்தாழ 16,000 இடங்கள், நாலரை மணி நேரம்! எனவே பொறியாளர்கள் முதலில் வேகமாக உச்ச அளவை மட்டும் துழாவி, சந்தேகத்துக்குரிய இடங்களில் மாத்திரம் குவாசி பீக் எடுப்பது வழக்கமாயிற்று. வீடுவீடாகக் கதவு தட்டிச் செல்பவன், தான் கடந்துபோன பிறகு திறக்கும் கதவைக் காணாதது போல, விட்டுவிட்டு எழும் இரைச்சல் இம்முறையில் தப்பிவிடும்.

அந்தக் குறையைத் தீர்க்கவே நிகழ்நேர ரிசீவர் வந்தது. அது பரந்ததொரு அலைப்பரப்பை ஒருசேர இலக்கமாக்கி, முந்தைய துண்டின் வால் அடுத்த துண்டின் தலைமேல் படியும்படி இடைவெளியின்றி வெட்டி, உஷ்ணம் பற்றிய நூலில் ஃபூரியர் 1822இல் எழுதிவைத்த கணிதத்தின் துரிதமான வடிவத்தால், ஆயிரக்கணக்கான அதிர்வெண்களுக்குக் குவாசி பீக்கை ஏககாலத்தில் கணக்கிடுகிறது. 2010இல் சிஸ்பரும் தனது விதிகளில் இம்முறைக்கு இடமளித்தது. வேகத்தைக் காட்டிலும், எதையும் நழுவவிடாத அதன் விழிப்பையே நான் விசேஷமாகக் கருதுவேன்.

தமிழ்நாட்டில் சென்னைத் தரமணியிலுள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இத்தகைய உமிழ்வுச் சோதனைகளுக்குப் பெயர் பெற்றது. பொதுவாக இச்சோதனைக்கூடங்களில் சுவரெங்கும் கூர்நுனி நுரைக்கட்டிகள் எதிரொலிப்பை விழுங்க, 80 சென்டிமீட்டர் உயர மேஜைமீது கருவியும், 3 அல்லது 10 மீட்டருக்கப்பால் ஆன்டெனாவும் நிற்கும். வீட்டுக் கணினிக்கு 10 மீட்டரில், 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை விதிக்கப்பட்ட எல்லை, மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட்தான். ரிசீவர் எத்தனை துரிதமாயினும், மேஜை ஒரு முழுச் சுற்றுச் சுழலவும், ஆன்டெனா 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர்வரை ஏறி இறங்கவும் பொறியாளர் இன்னும் காத்திருக்கவே வேண்டியிருக்கிறது.