சேவல் மேல் புகார்!

வீட்டுக் கோழி வளர்ப்பவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிப் போனால் புனலூர். அதற்கப்பால் பத்தனாபுரம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் அடூர். கேரளத்தில் உள்ள ஊர்.

அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு புகார் மனு வந்தது. வரப்புத் தகராறு அல்ல. வாய்க்கால் தகராறும் அல்ல. புகார் ஒரு சேவல் மேல்!

பக்கத்து வீட்டுச் சேவல் விடியற்காலை 3 மணிக்கே கூவுகிறது, தூங்க முடியவில்லை, உடம்பு கெடுகிறது என்பது மனுவின் சாரம்.

அதிகாரி அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. இரண்டு தரப்பையும் விசாரித்தார். இடத்தைப் பார்வையிட்டார்கள். கோழிக் கூடு வீட்டின் மாடியில் இருந்தது. அங்கே நின்று கூவினால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் நேராகப் போய் விழும்.

2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. சேவலை விற்கச் சொல்லவில்லை. அறுக்கவும் சொல்லவில்லை. கூட்டை மாடியிலிருந்து இறக்கி, மனையின் தெற்குப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். கெடு 14 நாள். அவ்வளவுதான்!

உத்தரவு கேரளத்தில் போட்டது. ஆனால் இதே வழக்கு விருதுநகரிலும், சிவகாசியிலும், சாத்தூரிலும் வாசற்படியில் தினமும் நடக்கிறது. மனு எழுதுவதில்லை, வாயாலேயே நடக்கிறது.

"ஏக்கா, ஒங்க கோழி எங்க வத்தலையெல்லாம் கிண்டிருச்சு! வந்து பாருங்க!"

"கோழிக்குத் தெரியுமா தாயி, எது ஒன் வத்தல், எது என் வத்தல்னு?"

கோழிக்கு அது மட்டுமல்ல, மிளகாயின் காரமே தெரியாது! காரத்தை உணரும் சக்தி பறவைகளுக்கு இல்லை. வத்தல் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகரில் மிளகாயைக் காட்டிக் கோழியைப் பயமுறுத்த முடியாது.

மூடாத தொழில்

இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கோழி விளையாட்டு அல்ல. பட்டாசு வேலைக்கு வெயில் வேண்டும். மழை பெய்தால் மருந்து காயாது, கூலி இல்லை. தீபாவளி முடிந்தால் ஆலைகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும். 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. அதைத் தொடர்ந்து நவம்பரில் சிவகாசி ஆலைகள் மூடின. பல மாதம் வேலை இல்லை.

அந்த மாதங்களிலும் பஞ்சாரத்துக்குள் கோழி முட்டையிட்டது.

நாட்டுக்கோழி அப்படி ஒன்றும் அள்ளிக் கொடுத்துவிடாது. வருஷத்துக்கு 60 அல்லது 80 முட்டைதான். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பள்ளிக்கூடத்துக்கு நோட்டு வாங்க வேண்டும் என்றால், ஒரு கோழியைப் பிடித்து விற்கலாம். வட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை. அந்தப் பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் பணம். அதில் ஆண்கள் கை வைப்பது குறைவு.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். கிராமத்து ஏழைப் பெண்களுக்குப் பாதி விலையில் நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு கால்நடைத் துறை நடத்தியிருக்கிறது. கிராமத்தில் குஞ்சு கொடுப்பதும் அரசாங்கம்தான். நகரத்தில் நோட்டீசு கொடுப்பதும் அரசாங்கம்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு தெரு விளக்குதான் வித்தியாசம்!

அந்தத் தெரு விளக்கும் நகர்ந்துகொண்டே போகிறது. 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆயிற்று. முற்றமும் கொல்லையும் இருந்த வீடுகள் காம்பவுண்டு வீடுகளாகின்றன. ஒரே காம்பவுண்டில் ஆறு குடித்தனம். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில், இந்தப் பக்கம் கோழிக்கூடு. சண்டை வராமல் என்ன செய்யும்?

யானை மாடு! கோழி மாடு அல்ல!

இனி சட்டத்துக்கு வருவோம்.

மாடு அடுத்தவர் நிலத்தில் புகுந்து மேய்ந்தால் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். இதற்கு 1871-ல் வெள்ளைக்காரர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தில் மாடு என்றால் மாடு மட்டும் அல்ல. ஆடு, கழுதை, குதிரை, பன்றி, ஒட்டகம், யானை எல்லாமே அதில் "மாடு"தான்! ஆனால் கோழி இல்லை.

ஆகவே, உங்கள் வீட்டுக்குள் யானை வந்தால் பட்டியில் அடைக்கச் சட்டம் இருக்கிறது. கோழி வந்தால் "ச்சூ... ச்சூ" என்று விரட்ட வேண்டியதுதான்.

அதற்காகக் கோழிக்குச் சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1939-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஒரு பிராணியைப் பிறர் உடல்நலம் கெடும்படியோ, தொல்லை ஏற்படும்படியோ வைத்திருந்தால் அது அகற்ற வேண்டிய தொல்லை என்கிறது அந்தச் சட்டம். நகராட்சி சுகாதாரப் பிரிவு அதை வைத்துத்தான் நோட்டீசு கொடுக்கிறது. தொல்லையை அகற்று என்பதே நோட்டீசின் கருத்து.

இன்னொன்று குற்றச் சட்டம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் 270-வது பிரிவு பொதுத் தொல்லை என்றால் என்ன என்று சொல்கிறது. 292-வது பிரிவு அதற்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது.

இந்தச் சட்டங்கள் எதிலும் இத்தனை கோழி வளர்க்கலாம், இத்தனை கூடாது என்ற கணக்கு இல்லை. இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எத்தனை கோழி என்று சட்டம் கேட்கவில்லை. எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்கிறது. பத்துக் கோழியைச் சுத்தமாக வைத்திருப்பவர் தப்பிவிடுவார். இரண்டே கோழியை நாற வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேண்டுமே என்று சிலர் பயமுறுத்துவார்கள். மத்திய வாரியத்தின் திருத்திய வழிகாட்டு விதிப்படி அந்த அனுமதி 5,000 பறவைகளும் அதற்கு மேலும் வைத்திருக்கும் பண்ணைக்கு. நாமக்கல் பண்ணைக்காரர் கவலைப்பட வேண்டிய விஷயம். கொல்லையில் நாலு கோழி வைத்திருக்கும் பாட்டிக்கு அல்ல.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மட்டும் சட்டப் புத்தகத்துக்கு முன்னால் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கோழிக்கு விஷம் வைத்தால்...

கோபத்தில் சிலர் ஒரு காரியம் செய்கிறார்கள். அரிசியில் விஷத்தைக் கலந்து சுவர் ஓரமாகத் தூவிவிடுகிறார்கள். "என் வீட்டுக்குள் வந்தது, செத்தது" என்கிறார்கள்.

இது பெரிய தப்பு. கெட்ட எண்ணத்தோடு எந்தப் பிராணியைக் கொன்றாலும், விஷம் வைத்தாலும், முடமாக்கினாலும் அதே புதுச் சட்டத்தின் 325-வது பிரிவு பாயும். ஐந்து வருஷம் வரை ஜெயில்! பழைய சட்டத்தில் பிராணியின் விலையைப் பார்த்துத் தண்டனை மாறும். புதுச் சட்டத்தில் அந்த விலைக் கணக்கு இல்லை.

கோழியைத் திரிய விட்டவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். கொன்றவருக்கு ஐந்து வருஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு, அந்த அரிசியைக் கோழிதான் தின்னும் என்பது என்ன நிச்சயம்? தவழும் குழந்தையும் அந்தச் சுவர் ஓரம்தான் வரும்.

சேவல் ஏன் கூவுகிறது?

சிவகாசிக்காரருக்குச் சத்தம் புதிது அல்ல. சேவல் படம் போட்ட பட்டாசுப் பெட்டியே இங்கிருந்துதான் நாடெங்கும் போகிறது. பட்டாசுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை, 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு. குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55, இரவில் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன 2000-ம் ஆண்டு விதிகள். இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை.

சேவலின் சத்தத்தைப் பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானிகள் அளந்து 2018-ல் வெளியிட்டார்கள். அதன் காதருகே 140 டெசிபலைத் தாண்டியது! பிறகு அது ஏன் செவிடாகவில்லை? வாயை முழுக்கத் திறக்கும்போது அதன் காதுக் குழாய் தானே மூடிக்கொள்கிறது. கெட்டிக்காரப் பறவை! அதன் காது மூடிக்கொள்கிறது. நம் காது மூடவில்லை.

சத்த விதிகள் சேவலை நினைத்து எழுதியவை அல்ல. ஒலிபெருக்கிக்கும் இயந்திரத்துக்கும் எழுதியவை. ஆனால் 4 மணிக்குத் தூக்கம் கெட்டவர் அந்த வித்தியாசத்தைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

கூட்டை இருட்டாக்கினால் சேவல் கூவாது என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2013-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வெளிச்சம் மாறாத மங்கலான அறையில் வைத்தாலும் சேவல் நேரம் பார்த்துக் கூவுகிறது. கடிகாரம் அதன் உடம்புக்குள் இருக்கிறது.

பிரான்சில் ஒரு சேவல் கோர்ட்டுக்கே போயிற்று. பெயர் மொரீஸ். ஓலேரோன் தீவில் ஓய்வு எடுக்க வந்தவர்கள் அதன் மேல் வழக்குப் போட்டார்கள். 2019-ல் வழக்குத் தள்ளுபடி. வழக்குப் போட்டவர்களே சேவலின் சொந்தக்காரருக்கு 1,000 யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று. கிராமத்து ஒலிகளையும் மணங்களையும் பாரம்பரியமாகக் காக்க 2021-ல் அந்த நாட்டில் சட்டமே வந்துவிட்டது.

நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் கதை வேறு. அங்கே அடுக்கு மாடிக் குடியிருப்பில் கோழிக்கு இடம் இல்லை. தனி வீடு இருந்தால் பத்துப் பறவை வரை வைத்துக்கொள்ளலாம். தெருவில் திரிந்த கோழிகள் மேல் சத்தப் புகார் வந்து, 2017-ல் அதிகாரிகள் அவற்றைக் கொன்றார்கள். நாட்டில் பெரிய சர்ச்சை ஆயிற்று.

பிரான்சின் தீர்ப்பும் நமக்குச் சரிப்படாது. சிங்கப்பூரின் கண்டிப்பும் சரிப்படாது. காம்பவுண்டு வீட்டுக்கு அடூர் உத்தரவுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. கோழியும் பிழைத்தது, தூக்கமும் பிழைத்தது.

சேவல் இல்லாமல் முட்டை

தாய்மார்கள் பலருக்கு ஒரு சந்தேகம். சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடுமா?

இடும். சேவல் இல்லாமலே இடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது; அவ்வளவுதான். சத்து குறையாது. நெருக்கமான தெருவில் இருப்பவர்கள் சேவலைக் கிராமத்துச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் பெட்டையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். குஞ்சு வேண்டும் என்றால் சேவல் உள்ள வீட்டிலிருந்து முட்டை வாங்கி வந்து அடை வைக்கலாம். 21-வது நாள் குஞ்சு வந்துவிடும்.

கூட்டைப் பொதுச் சுவரில் ஒட்டி வைக்கக் கூடாது. அடுத்த வீட்டுப் படுக்கை அறை எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது இடம் வேண்டும்.

நாற்றத்துக்குக் காரணம் எச்சம் மட்டும் அல்ல; ஈரம். எச்சத்தில் தண்ணீர் பட்டால்தான் அந்த மூக்கைத் துளைக்கும் வாடை வரும். தரையில் உமியோ கடலைத் தோலோ பரப்பி, அடிக்கடி கிளறிக் காயவிட்டால் வாடை அடங்கும். எண்ணெய் ஆலைகள் உள்ள நம் ஊரில் கடலைத் தோலுக்கா பஞ்சம்? நனைந்ததை அள்ளிவிட்டுப் புதிது போட வேண்டும். அள்ளியது செடிக்கு நல்ல உரம். பச்சையாகப் போட்டால் வேர் கருகும். மட்க வைத்துப் போட வேண்டும்.

மாலையில் ஒரு மணி நேரம், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது திறந்துவிட்டால் போதும். அப்புறம் பஞ்சாரம். வத்தலும் தப்பும், வடகமும் தப்பும்.

அடுத்த வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. முதலில் நேரில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆர்.டி.ஓ. இருக்கிறார்.

ஒரு வீட்டு நோய் தெருவுக்கே

இதுவரை சொன்னது மனிதர்கள் சண்டை. நோய்க்குச் சுவர் கிடையாது.

2006-ல் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் வந்தது. அரசாங்க விதிப்படி அந்த நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழியை எல்லாம் அழிக்க வேண்டும். பண்ணைக் கோழியும் போகும். பாட்டியின் நாலு கோழியும் போகும். நஷ்டஈடு உண்டு. ஆனால் அடைக்கு உட்கார்ந்த கோழியை யார் திருப்பித் தருவார்?

ஆகவே ஒரே சமயத்தில் கோழிகள் கும்பலாகச் செத்தால் மறைக்கக் கூடாது. குழம்பு வைக்கவும் கூடாது. குப்பையில் வீசவும் கூடாது. உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் அடிக்கடி வருவது வெள்ளைக் கழிச்சல். பெரிய டாக்டர்கள் இதை ராணிக்கெட் நோய் என்பார்கள். வடக்கே இமயமலைப் பகுதியில் ராணிக்கெட் என்ற ஊரில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். கோழி தூங்கி விழும், கழுத்து திருகும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வந்தபின் மருந்து இல்லை. வருமுன் ஊசி இருக்கிறது.

எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கையின் அடியில் ஊசி போடுவார்கள். இளங்குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு மருந்து. கால்நடைத் துறை பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் முகாம் நடத்தி, காசு வாங்காமல் போடுகிறது. முகாம் அன்று கோழியைக் காலையில் திறந்துவிட்டால் பிறகு தெருவெல்லாம் துரத்த வேண்டியிருக்கும். விடிவதற்கு முன் கூட்டுக்குள்ளேயே பிடித்து, காற்றுப் போகும் கூடையில் போட்டுத் தயாராக வைத்திருங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.