வாதம் பதினைந்து மாதம், வேலை இரண்டு மாதம்

சர்ச்சில் என்ற பெயரைக் கேட்டவுடன் சுருட்டும் தொப்பியுமாக ஒரு பிரிட்டிஷ் பிரதம மந்திரியின் உருவம் மனக்கண்முன் வந்து நிற்பது இயல்பே. ஆனால் கனடா தேசத்தின் மானிடோபா மாகாணத்தில், ஹட்சன் வளைகுடாவின் மேற்குக் கரையில் இருக்கும் சிற்றூருக்கு அப்பெயர் வாய்த்தது அவரால் அல்ல, அவருடைய மூதாதையும் பதினேழாம் நூற்றாண்டில் ஹட்சன் வளைகுடாக் கம்பெனியின் தலைமைப் பதவியை வகித்தவருமான ஜான் சர்ச்சிலால். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஐப்பசி பிறந்தால் கடல் உறைவதை எதிர்பார்த்துப் பனிக்கரடிகள் கரையோரம் காத்துக் கிடக்கும் ஊர். வெளியுலகிலிருந்து அங்கே போய்ச் சேரச் சாலை கிடையாது. பால் மாவானாலும், அடுப்பெரிக்கும் வாயுவானாலும், வீடு கட்டும் ஆணியும் பலகையுமானாலும், தி பா என்ற பட்டணத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 820 கிலோமீட்டர் ஊர்ந்து வரும் ஒற்றைத் தண்டவாளமே அவ்வூராரின் ஜீவநாடி. அந்த நாடி 2017-இல் அறுந்தது. 2018-இல் மறுபடி துடித்தது. இடையில் நடந்ததே இக்கட்டுரையின் விஷயம்.

இப்பாதையை வேண்டிக் குரல் எழுப்பியவர்கள் வடதிசை வாசிகள் அல்லர். நெடுந்தொலைவில், மேற்குச் சமவெளியில் கோதுமை விளைத்த குடியானவர்கள். தங்கள் தானியம் கிழக்குத் துறைமுகங்களை அடைவதற்குள் ரயில் கம்பெனிகள் வாங்கும் கட்டணம் விளைச்சலின் லாபத்தை விழுங்கிவிடுவதைக் கண்டு மனம் வெதும்பிய அவர்கள், வளைகுடாவில் ஒரு துறைமுகம் அமைந்தால் ஐரோப்பாவுக்குக் குறுக்கு வழி கிடைக்குமென்று பல ஆண்டுகள் மன்றாடிய பிறகே சர்க்கார் இசைந்தது. அப்படி இசைந்தும் முதலில் இடம் தவறிப் போயிற்று. 1912-இல் போர்ட் நெல்சன் என்ற இடத்தைத் தேர்ந்து, கடலுக்குள் செயற்கைத் தீவொன்றை எழுப்பி, அதற்குப் பதினேழு கண்களுள்ள இரும்புப் பாலமும் போட்ட பின்னர், முதல் மகா யுத்தமும் மண்டி நிரம்பிய ஆற்றுமுகமும் சேர்ந்து அந்த யத்தனத்தைக் கைவிடச் செய்தன. ஒரு மூட்டைக் கோதுமையைக்கூடச் சுமந்தறியாத அந்தப் பாலம் இன்றும் அங்கே நிற்பதாகச் சொன்னால், அரசாங்கத் திட்டங்களைப் பற்றி அறிந்த நம் வாசகர்கள் யாரும் வியப்படைய மாட்டார்கள். பிறகு 1927-இல் சர்ச்சிலே உகந்ததென்று தீர்மானமாகி, 1929-இன் வசந்தத்தில் தண்டவாளம் கடலைத் தொட்டது. 1931-இல் கோதுமை கப்பலேறியது.

பாதை போட்ட விதம் தனியே சொல்லத் தக்கது. அப்பிரதேசத்தின் தரையை மண்ணென்று சொல்வதா நீரென்று சொல்வதா என்பதே சந்தேகத்துக்குரியது: மேலே பாசியும் அழுகிய தாவரமும் ஊறிய சதுப்பு, அதன் கீழே கோடையிலும் உருகாத உறைநிலம். கடைசிப் பகுதியைக் கடுங்குளிரில், சதுப்பு கல்லாய் இறுகியிருந்த சமயம் பார்த்து, உறைபனியின் மேலேயே கட்டைகளைப் பரப்பித் தண்டவாளத்தைக் கிடத்தினார்கள். ஜல்லி கொட்டி மட்டப்படுத்தியது பிறகுதான். தந்திக் கம்பத்தைக் குழி தோண்டி நட்டால், உறைந்தும் நெகிழ்ந்தும் மூச்சுவிடுவது போல் அசையும் அந்த நிலம் சில பருவங்களுக்குள் அதை வெளியே உந்தித் தள்ளிவிடும். ஆகவே மூன்று கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, முக்காலி போல் தரைமீது நிறுத்தி வைத்தார்கள். எதையும் ஊன்ற முடியாத இத்தகைய பூமியில் ரயில் பாதை என்பது ஒருமுறை கட்டி முடித்துவிடும் பொருளன்று. ஆண்டுதோறும் ஜல்லியும் கட்டையும் கேட்டுக்கொண்டே இருக்கும் பசியுள்ள பிராணி. அதற்குத் தீனி போட வேண்டுமானால் சரக்கு ஓட வேண்டும்.

சரக்குதான் குறைந்தது. 1997-இல் கனடிய தேசிய ரயில்வேயிடமிருந்து இப்பாதையையும், சர்க்காரிடமிருந்து துறைமுகத்தையும் அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த ஆம்னிட்ராக்ஸ் கம்பெனி வாங்கியது. சமவெளியின் கோதுமையை ஏகபோகமாக விற்று வந்த கனடா கோதுமை வாரியமே அத்துறைமுகத்தின் பிரதான வாடிக்கையாளர். 2012 ஆகஸ்டில் வாரியத்தின் ஏகபோகத்தைச் சர்க்கார் ரத்துச் செய்தபோது, தானிய வியாபாரிகள் அவரவர்க்குச் சொந்தமான வேறு துறைமுகக் கிடங்குகளுக்கே சரக்கை அனுப்பலாயினர். 2016 கோடையில் சர்ச்சிலில் தானிய ஏற்றுமதி நின்று, ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மறு ஆண்டு வந்த வெள்ளத்தின்மீது பழி முழுவதையும் சுமத்துவோர் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். நோயாளி படுக்கையில் விழுந்து வெகுநாள் ஆன பிறகே அந்த வெள்ளம் வந்தது.

2017-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி, பெரும்பனி உருகிப் பெருகிய வெள்ளத்தால் வடபகுதியில் போக்குவரத்து நின்றது. இருபதுக்கும் குறையாத இடங்களில் அடிமண் அரித்துப் போய், சில இடங்களில் தண்டவாளம் கட்டைகளோடு கொடிக்கயிறு போல் அந்தரத்தில் தொங்கியது. பழுது பார்க்கத் தன்னால் இயலாது, பொதுப்பணம் வேண்டுமென்றது கம்பெனி. ஒப்பந்தப்படி அது உன் கடமையென்றது மத்திய சர்க்கார். நோட்டீஸுகள் பறந்தன, வழக்கு வந்தது. கனடா போக்குவரத்து ஆணையம் 2018 ஜூனில் கம்பெனி பழுதுபார்க்கத்தான் வேண்டுமென்று தீர்ப்பளித்தது. இதற்கிடையில் சர்ச்சில் வாசிகளோ, ஆகாய விமானத்தில் வந்திறங்கிய பாலுக்கும் காய்கறிக்கும் விமான விலை கொடுத்தார்கள். குளிர்காலத்துக்கு வேண்டிய எரிவாயு கப்பலில் வந்தது. பனி இறுகியதும், கில்லம் என்ற ஊரிலிருந்து சங்கிலிச் சக்கர வண்டிகள் சறுக்குப் பலகைகளில் சாமான்களைக் கட்டி இழுத்துக்கொண்டு காடு கடந்து வந்தன. 1964 புயலுக்குப் பின் பாம்பன் பாலம் விரைவில் செப்பனிடப்பட்டு, தனுஷ்கோடிப் பாதை மட்டும் கடலோடு போனது போனதுதான் என்று விடப்பட்டதை அறிந்த நமக்கு, அந்த ஊராரின் கவலை இன்னதென்று விளக்க வேண்டியதில்லை.

முடிச்சை அவிழ்த்தது பொறியியல் அன்று, கைமாற்றம். அதில் நமக்குச் சிறிது சம்பந்தமும் உண்டு. வடபகுதிப் பழங்குடிச் சமூகங்களும் ரயிலோரக் கிராமங்களும் திரட்டிய கூட்டோடு சேர்ந்து இப்பாதையை வாங்க முன்வந்த ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனத்தின் அதிபர் பிரேம் வத்சா, ஹைதராபாதில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியல் பயின்று கனடாவுக்குப் போனவர். மற்றொரு பங்காளியான ரெஜைனா நகரத்து ஏ.ஜி.டி. கம்பெனி பருப்பு வியாபாரத்தில் பேர்போனது. மத்திய சர்க்கார் 11 கோடியே 70 லட்சம் டாலர் உதவிக்கு உடன்பட, 2018 ஆகஸ்டு 31-ஆம் தேதி ஆர்க்டிக் கேட்வே என்ற பெயரில் உடைமை மாறியது. உடனே இரு முனைகளிலிருந்தும் கல்லும் ஆட்களும் போய்ச் சேர்ந்தார்கள். கரைந்த இடங்களில் கரை உயர்த்தி, நீர் போக வழி செய்து, குளிர் முற்றுவதற்குள் முடித்தார்கள். அக்டோபர் 31-ஆம் தேதி முதல் ரயில் சர்ச்சிலில் நுழைந்தது. பதினைந்து மாதம் வாதத்தில் கழிந்த காரியம் இரண்டு மாத வேலையாக முடிந்தது. யாருடைய பாதை என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும், எப்படிச் சரிசெய்வது என்ற கேள்வி அவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

2019 செப்டம்பரில் கோதுமைக் கப்பல் மறுபடி புறப்பட்டது. 2021-இல் வத்சாவின் நிறுவனமும் பருப்புக் கம்பெனியும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க, பாதையும் துறைமுகமும் முற்றிலும் அவ்வட்டாரச் சமூகங்களின் சொத்தாயின. சாலையே இல்லாத பிக்விட்டோனெய் போன்ற கிராமங்கள் தம் வாசலில் ஓடும் ரயிலுக்குத் தாமே சொந்தக்காரர்களாவது உலகில் அடிக்கடி நடக்கும் சங்கதியல்ல. 2024 ஆகஸ்டில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலோகக் கனிமம் எதையும் ஏற்றாதிருந்த அத்துறையிலிருந்து துத்தநாகத் தாது கப்பலேறியது. ஆயினும் கப்பல் வரக்கூடிய காலம் ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் இல்லை. நிலமோ வரவர அதிகமாக நெகிழ்கிறது. கோடை வந்தால் ஜல்லி வண்டிகள் வடக்கே போகின்றன. தந்தி நின்று வெகுகாலமாகியும் அகற்றப்படாத அந்த முக்காலிக் கம்பங்கள் சில சாய்ந்தும் சில நிமிர்ந்தும் பாதையோரம் நிற்க, அவற்றின் அருகே ஆட்கள் குனிந்து கட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.