வயசானா மறதி சகஜம்தான்... ஆனா எதுவரைக்கும்?

‘வயசாயிட்டா மறதி வரத்தானே செய்யும்!’ - நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது, தெரிந்தவர் பெயர் சட்டென்று வாயில் வராமல் அரை மணி கழித்து ஞாபகம் வருவது... இதெல்லாம் வயதோடு வருவது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால், காலையில் சொன்ன கல்யாணச் சேதியை மத்தியானம் புதுசாகக் கேட்கிறாரா அப்பத்தா? பல வருஷமாக வைத்த மீன் குழம்பில் கைப்பக்குவம் தப்புகிறதா அம்மாவுக்கு? பென்ஷன் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்த அப்பா இப்போது பேங்க் செலானை நிரப்பத் திணறுகிறாரா? ‘போன வருஷம் இப்படி இல்லையே’ என்று உங்களுக்கே தோன்றினால், டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

நடுவில் ஒரு படி

இயல்பான மறதிக்கும் ‘டிமென்ஷியா’ என்கிற மறதி நோய்க்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. டாக்டர்கள் சுருக்கமாக ‘எம்.சி.ஐ.’ என்பார்கள். ஞாபகமோ கவனமோ வயதுக்கு மீறிக் குறைந்திருக்கும். ஆனால் குளிப்பது, சாப்பிடுவது, கடைக்குப் போய் வருவது எல்லாம் சொந்தமாகவே செய்துகொள்வார். தினசரி வேலைக்கே இன்னொருத்தர் துணை வேண்டும் என்கிற நிலை வந்தால்தான் டிமென்ஷியா.

இந்தப் படியில் நிற்கிற எல்லோரும் கீழே இறங்குவதில்லை. சிலர் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள். சிலர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். ஏனென்றால் தைராய்டு குறைவு, வைட்டமின் பி-12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சிலவகைத் தூக்க மாத்திரைகள், குடிப்பழக்கம் இவையும் மறதியைக் கொண்டுவரும். காரணத்தைச் சரிசெய்தால் மறதியும் குறையலாம். ‘வயசுதான்’ என்று சும்மா இருந்துவிட்டால், சரியாகக்கூடியதும் கைநழுவிப் போகும்.

ஒரு எச்சரிக்கை: ஓரிரு நாளிலேயே திடீர்க் குழப்பம் வந்தால் அது எம்.சி.ஐ. அல்ல. பக்கவாதமாகவோ, சிறுநீர்த் தொற்றாகவோ, ரத்தத்தில் சோடியம் குறைந்ததாகவோ இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தேதி தெரியாவிட்டால் நோயா?

புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் பள்ளிக்கூடமே போகாத பெரியவர்கள் நிறைய. அவர்களிடம் ‘இன்னைக்கு என்ன தேதி, நூறிலிருந்து ஏழைக் கழிங்க’ என்று கேட்டு எடை போட்டால் தப்பாகிவிடும். இதற்காகவே 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்று ஒரு பரிசோதனை முறையை உருவாக்கினார்கள். ‘இப்ப காலையா, மத்தியானமா, சாயங்காலமா?’ என்கிற மாதிரிக் கேள்விகள் அதில் உண்டு.

வீட்டில் நீங்களும் பேச்சுவாக்கில் கவனிக்கலாம். ‘நார்த்தாமலை பங்குனித் திருவிழாவுக்கு இந்தத் தடவை யாரெல்லாம் வந்தாங்க?’, ‘அடுத்த சந்தை என்னைக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகப் பழகிய விஷயத்திலேயே தடுமாறினால் கவனம் தேவை.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து போன் பேசும் பிள்ளைகளே! ‘சாப்பிட்டியாம்மா?’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்றுதான் பதில் வரும். ‘நேத்து என்ன குழம்பு? யார் வந்துட்டுப் போனா?’ என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதையும் காதில் வாங்குங்கள்.

எங்கே போவது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். மேல் பரிசோதனைக்கு, 2017-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் ‘ஊர் என்ன சொல்லுமோ’ என்று கூச வேண்டாம். மறதியைப் பார்ப்பதும் அவர்கள் வேலைதான். சாப்பிடுகிற மாத்திரைகள், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

எம்.சி.ஐ.யை அடியோடு போக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஞாபகசக்தி டானிக்குகளில் காசைக் கொட்டாதீர்கள். உலகில் வரும் டிமென்ஷியாவில் 45 சதவிகிதம் வரை 14 காரணங்களோடு தொடர்புடையது, அவற்றைச் சரிசெய்தால் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று ‘லான்செட்’ நிபுணர் குழு 2024-ல் சொன்னது. அவற்றில் பலவும் நம் கையில் இருப்பவை.

* ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வையுங்கள். புகை, மது வேண்டாம்.

* காது மந்தமா? கருவி மாட்டுங்கள். கண்புரையா? ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

* தினமும் அரை மணி நேர நடை.

* தனிமை கூடாது. கோயில், திண்ணைப் பேச்சு, பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வது எல்லாமே மூளைக்கு வேலை.

* சாவி, கண்ணாடி, மாத்திரைக்கு ஒரே இடம். காலண்டரில் குறிப்பு. படிக்கத் தெரியாதவருக்கு, வேளைக்கு ஒரு நிறத்தில் மாத்திரை டப்பா.

* வங்கிக் கணக்கு, ஓ.டி.பி., பத்திரக் கையெழுத்து ஆகியவற்றில் நம்பகமான ஒருத்தர் கூட இருக்கட்டும். அவர் தெளிவாக இருக்கும்போதே அவர் விருப்பத்தைக் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

* ஆறு மாதம் அல்லது வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை.

கடைசியாக ஒன்று. ‘இப்பத்தானே சொன்னேன்!’ என்று எரிந்து விழாதீர்கள். தனக்கு மறக்கிறது என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியும். அந்த வெட்கத்தில்தான் பலர் விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். மறந்ததை இன்னொரு முறை சிரித்த முகத்தோடு சொல்ல நமக்கு அரை நிமிஷம்தானே ஆகும்?