ஒரு கன்று, ஒரு ஏக்கர்

கண்ணுகளா, முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. தேனி மாவட்டத்தில் சின்னமனூர், கம்பம் பக்கத்துத் தோட்டங்களில் ஜி9 ரக வாழையை ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நடுவதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு எத்தனை கன்று வேண்டும்?

வகுத்துப் பார்த்துவிட்டாயா? 1210. சபாஷ்!

இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு கன்று. அதிலிருந்தே அந்த 1210 கன்றையும் எடுக்க வேண்டும். முடியுமா?

தோட்டத்திலேயே விட்டால் வருஷக்கணக்கில் ஆகும். தாய்வாழையின் காலடியில் பக்கக்கன்று சிலதுதானே முளைக்கும்? திசு வளர்ப்புக் கூடத்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பக்கக்கன்றின் நடுவே இருக்கும் குருத்து முனையை வெட்டி எடுப்பார்கள். கிருமி போகக் கழுவி, பாட்டிலுக்குள் வைப்பார்கள். பாட்டிலில் மண் கிடையாது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் கூழ், சர்க்கரை, உப்புச்சத்துகள், தளிரைத் தூண்டும் ஹார்மோன், இவ்வளவுதான். சில வாரங்களில் பக்கவாட்டில் புதுத் தளிர்கள் கிளம்பும். அவற்றைப் பிரித்துப் புது பாட்டில்களுக்கு மாற்றுவார்கள். அங்கேயும் தளிர் விடும். இது ஒரு சுற்று.

கணக்கு எளிதாக இருக்கட்டும். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகிறது என்று வைத்துக்கொள். 1, 2, 4, 8, 16... எட்டாவது சுற்றில் 256 வரும். கால் ஏக்கருக்குக்கூடப் போதாது. “இவ்வளவு பாடுபட்டும் இதுதானா?” என்று உனக்குச் சலிப்பு வரும். பொறு. ஒன்பதில் 512. பத்தில் 1024. பதினொன்றில் 2048! எட்டுச் சுற்றில் கால் ஏக்கரைத் தாண்டவில்லை. அடுத்த மூன்றே சுற்றில் ஏக்கரும் நிரம்பி, 838 கன்று மிச்சம்.

ஏன் இப்படி? ஒரு நிமிஷம் யோசி. ஒவ்வொரு சுற்றிலும் நாம் பத்துக் கன்று, இருபது கன்று என்று கூட்டவில்லை. கையில் இருப்பது அத்தனையையும் இரண்டால் பெருக்குகிறோம். இருப்பது கொஞ்சமாக இருந்தால் கூடுவதும் கொஞ்சம். இருப்பது நிறைய ஆனால் கூடுவதும் நிறைய.

1024 என்பதை 2¹⁰ என்று எழுதலாம். 2 அடிமானம், 10 அடுக்கு. இது உனக்குத் தெரியும். சதுரத்தின் பரப்பளவு காணும்போது பக்கத்தின் அளவு மாறும், மேலே இருக்கும் 2 மாறாது. வாழைக் கணக்கில் நேர்மாறு. கீழே இருக்கும் 2 அசையாமல் நிற்கிறது, சுற்றின் எண்ணிக்கை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு மாறுகிறது. மாறி அடுக்கில் இருந்தால் அது அடுக்குக்குறிச் சார்பு. புரிகிறதா? புரியாவிட்டால் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படி, அவசரமே இல்லை.

அடிமானத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா? ஒன்று மூன்றானால், எட்டாவது சுற்றில் 3⁸, அதாவது 6561. முன்பு வந்த 256 எங்கே, இது எங்கே!

“அப்படியானால் ஒரே கன்றை வைத்துத் தேனி மாவட்டத்தையே நிரப்பிவிடலாமே?” என்று கேட்கிறாயா? கெட்டிக்காரக் கேள்வி. கணக்கு சம்மதிக்கும், வாழை சம்மதிக்காது. சுற்று கூடக்கூட சில தளிர்கள் தாயைப் போல் இல்லாமல் மாறிவிடும். மரம் குட்டையாகும், இலை வேறு மாதிரி வரும், தார் சரியாக அமையாது. அதனால்தான் எட்டுச் சுற்றுக்கு மேல் போகாதே, ஒரு கன்றிலிருந்து ஆயிரம் செடிக்கு மேல் எடுக்காதே என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கணக்குப் புத்தகம் இதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

சரி, பெருக்கும் எண்ணை 2-இலிருந்து அரைக்கு மாற்றினால் என்ன ஆகும்? அதற்குப் போடி மலைப் பக்கம் போவோம்.

அங்கே பொட்டிபுரத்தில், மலைக்கு அடியில், நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு எழுந்தது, அது இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் எதற்காக மலையைத் தேடினார்கள்? விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. உள்ளங்கையை நீட்டு. நொடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் அதைத் துளைத்துப் போய்க்கொண்டிருக்கிறது. உனக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நியூட்ரினோவைத் தேடும் கருவிக்கு இது பெரிய தொல்லை. ஒரு கிலோமீட்டர் பாறை மேலே இருந்தால், பத்து லட்சத்தில் ஒன்று அளவுக்குத்தான் உள்ளே வரும்.

நாம் தேடி வந்த ‘அரை’ இந்த மியூவானிடம்தான் இருக்கிறது. மியூவானுக்கு ஆயுள் ரொம்பக் குறைவு. ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கு. அதில் ஒன்றரைத் துண்டு நேரம் போவதற்குள், ஓரிடத்தில் நிறுத்திவைத்த மியூவான்களில் பாதி சிதைந்துவிடும். இதுதான் அதன் அரை ஆயுட்காலம். 1000 இருந்தால் 500 ஆகும். இன்னொரு ஒன்றரைத் துண்டு போனால் 250. அடுத்து 125. முதலில் போனது 500, பிறகு 250, பிறகு 125. போகும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, பாதி என்பது மட்டும் மாறவில்லை.

எந்த மியூவான் எப்போது சிதையும்? அதை யாராலும் சொல்ல முடியாது. பிறகு எப்படிச் சரியாகப் பாதி? வகுப்பில் செய்து பாருங்கள். நாற்பது பேரும் ஆளுக்கொரு நாணயத்தோடு எழுந்து நில்லுங்கள். ஒருவர் மணி அடிக்கட்டும். அடித்ததும் நிற்கிறவர்கள் எல்லாரும் சுண்ட வேண்டும். பூ விழுந்தவர் உட்காரலாம். முதல் மணிக்கு இருபது பேரை ஒட்டி உட்காருவார்கள், அடுத்த மணிக்குப் பத்துப் பேரை ஒட்டி. யார் உட்காருவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, எத்தனை பேர் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். ஆட்கள் குறையக்குறைய அந்தக் ‘கிட்டத்தட்ட’வும் தடுமாறும், அதையும் கவனி. ஒவ்வொரு மணிக்கும் நிற்பவர்களை எண்ணி, கட்டம் போட்ட தாளில் புள்ளி வையுங்கள். கடைசி ஆள் உட்கார ஆறேழு மணி ஆகலாம். சில சமயம் ஒரு பிடிவாதக்காரர் பத்தாவது மணிக்கும் நின்றுகொண்டிருப்பார்!